தப்பால்காரர் போட்ட கப்பல் பிளான்

தேன்நிலவு என்கிற விஷயத்தில் இந்த இலங்கைத் தீவிலேயே எங்கள் தோட்டத்துத் தப்பால்காரரை மிஞ்சிய நிபுணர் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. கினிகத்தேனைக்கு அந்தப் பக்கம் அவர் போனதில்லை. கப்பலைப் படத்தில்தான் பார்த்திருந்தார். நிபுணராக இருக்க இதெல்லாம் ஒரு தடையா?

அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டம். டவுன் தபால் கந்தோருக்குப் போய்த் தோட்டத்துக் கடிதங்களை எடுத்து வருகிறவரைத் தப்பால்காரர் என்போம். போக நாலு மைல், வர நாலு மைல். அவருக்கென்று ஒரு பேர் இருந்திருக்கும். அது சம்பளக் கணக்கு எழுதுகிற செக்ரோல் புத்தகத்துக்குள் மட்டும் இருந்தது. துரை போட்டுக் கழித்த காக்கிக் கோட்டு முழங்காலைத் தொடும். கையில் குடை, கழுத்தில் விசில். வரிசையாய் வீடுகள் ஒட்டி நிற்கிற லயத்து முனையில் நின்று விசில் ஊதினால் கோழிகூட நின்று திரும்பிப் பார்க்கும்.

கடிதத்தைச் சும்மா கொடுத்துவிட்டுப் போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்ப்பார்.

"ஒன் தம்பி கல்யாணத்துக்கு வரமாட்டான்."

"பிரிக்கவே இல்லையே, எப்படிச் சொல்றீங்க?"

"காயிதம் லேசா இருக்கு. வர்றவனா இருந்தா ரெண்டு பக்கம் எழுதியிருப்பான்."

பிரித்துப் படித்தால் அப்படியேதான் இருக்கும். அதனால் அவர் சொன்னால் தோட்டம் நம்பும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எங்களைக் கெடுத்தது இதுதான்.

எல்லாம் சின்னத்துரையில் ஆரம்பித்தது. அவர் கல்யாணம் முடித்துப் பெண்டாட்டியோடு எங்கேயோ சீமைப் பக்கம் போனார். அங்கே இருந்து பெரியதுரைக்குப் படம் போட்ட போஸ்ட்கார்டு ஒவ்வொன்றாக வந்தது. மூடாமல் அனுப்பினால் அது ஊருக்கே எழுதினதுதான் என்பது தப்பால்காரர் கட்சி. முதலில் வந்த ஐந்தில் பெரிய பெரிய கட்டடம், மணிக்கூண்டு, பாலம். பின்னால் வந்த மூன்றிலும் கப்பல். ஆபீஸ் கிளாக்கரையாவிடம் காட்டி விளக்கம் கேட்டிருக்கிறார். "இதுக்குப் பேரு ஹனிமூன். கல்யாணம் முடிஞ்சவங்க மொதல்ல பட்டணம் சுத்திப் பார்ப்பாங்க, அப்புறம் கப்பல்ல சும்மா ஒக்காந்திருப்பாங்க" என்று கிளாக்கரையா சொல்லிவிட்டார்.

அன்றைக்கு முழுக்க அவர் யோசித்துக்கொண்டே நடந்தாராம். மறுநாள் குழாயடியில் எங்களைக் கூட்டி வைத்துத் தத்துவத்தைச் சொன்னார்.

"வெள்ளைக்காரன் மூளையப் பாத்தீங்களா? மொதல்ல கால் வலிக்க வலிக்க ஊரப் பாக்குறான். அப்புறம் வலி போறதுக்குக் கப்பல்ல ஒக்காந்துக்கிறான். வலி இல்லாமக் கப்பல் இல்ல. கப்பல் இல்லாம வலி போகாது."

"அப்பன்னா தெனம் எட்டு மைல் நடக்குற ஒங்களுக்கு ஒரு கப்பல் குடுக்கணுமே?" என்றாள் குடத்தோடு நின்ற மூக்காயி அக்கா.

"எனக்கு எதுக்கு? எனக்குக் கல்யாணமா ஆயிருக்கு?"

அதிலிருந்து தோட்டத்தில் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் அவர் போய் நிற்பார். பேக்டரியில் வேலை செய்த ஒருத்தரை மூன்று நாள் விடாமல் துரத்தி, "கொழும்பா, கண்டியா, ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்று கேட்டதில் அந்த மனுஷன் அவரைக் கண்டாலே கொழுந்து மலைக்குள் இறங்கி ஒளிந்தார். அந்த வரிசையில்தான் நான் வந்தேன்.

எனக்கு மாப்பிள்ளை எங்கள் தோட்டத்திலேயே மேல் லயம். அவர்கள் வீட்டில் ஒரே காம்பராவில் ஒன்பது பேர். என்னோடு பத்து. லயத்துக் காம்பரா தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருத்தர் திரும்பிப் படுத்தால் ஒன்பது பேரும் திரும்பிப் படுக்க வேண்டும். அப்படியிருக்க, எங்கள் அதிர்ஷ்டம், நடு லயத்தில் ஒரு காம்பரா காலியானது. எங்க வீட்டுக்காரர் (அன்றைக்கு இன்னும் ஆகவில்லை) ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற கணக்கப்பிள்ளை பின்னாலேயே நடந்து அதைக் கேட்டு வாங்கிவிட்டார். "கல்யாணத்தன்னைக்கு வந்து சாவிய வாங்கிக்க" என்று கணக்கப்பிள்ளை சொன்னார். கொழுந்து எடுக்கப் போகும்போதும் வரும்போதும் நான் அந்தப் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு போவேன். கதவில் ஒரு பலகை வெடித்திருக்கும். அதற்குக்கூட ஒரு அழகு இருந்தது.

அப்போதுதான் தப்பால்காரர் ஒரு நீளக் காகிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அஞ்சாம் வகுப்புப் படித்தவள் என்பதால் என்னையே சத்தமாக வாசிக்கச் சொன்னார். வெட்கத்தில் எனக்குச் சத்தம் வரவில்லை. பிடுங்கி அவரே வாசித்தார்.

"போகிறவர்கள்: மூன்று பேர். முதல் நாள்: கொழும்புக் கோட்டையில் ரயிலை விட்டு இறங்குதல். பயப்படாமல் இருத்தல். பகல்: புறக்கோட்டைக் கடைகளைப் பார்த்தல். ஒன்றும் வாங்காமல் இருத்தல். மாலை: காலிமுகத்திடலில் கடல் பார்த்தல். அரை மணி நேரம் ஆச்சரியப்படுதல். இரண்டாம் நாள்: மிருகக்காட்சிச்சாலை. புலி பார்த்தல். தூரமாய் நிற்றல். மூன்றாம் நாள்: கப்பலில் உட்காருதல். சும்மா இருத்தல்."

அம்மா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். பிறகு, "மூணு பேருன்னு வாசிச்சீங்களே, மூணாவது யாருங்க?" என்றாள். 

"நான்தான். வழி காட்ட ஆள் வேணாமா?"

"புதுசாக் கல்யாணம் கட்டுனவங்க கூட நீங்க எதுக்குங்க?"

"சின்னத்துரைக்கு இங்கிலீசு தெரியும், தனியாப் போனாரு. இதுகளுக்கு என்னா தெரியும்? புலிகிட்டப் போய் நின்னுட்டா?"

கப்பல் என்று அவர் சொன்னது என்னவென்றால், அவருடைய ஒன்றுவிட்ட மச்சான் ஒருத்தர் கொழும்புத் துறைமுகத்தில் சாமான் ஏற்றுகிற படகில் வேலை செய்தார். அந்தப் படகில் எங்களை ஏற்றித் துறைமுகத்துக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுவதாகப் பேச்சு. "அது கப்பலாங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "தண்ணியில மெதந்தாக் கப்பல்தான்" என்று முடித்துவிட்டார்.

ஆச்சரியம் என்னவென்றால், எங்க வீட்டுக்காரர் ஓடி ஒளியவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் தப்பால்காரர் அவரைப் பிடித்துக் கேட்டபோது, தலையைக் குனிந்துகொண்டு, "அந்தப் புள்ளைக்குக் கடல் பாக்க ஆசையான்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்றாராம். எனக்கு ஆசைதான். எப்படிச் சொல்வது? அடுப்பைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

"சரி, முடிஞ்சுது! ரெண்டு பேரும் கப்பல்ல போறீங்க!" என்று குடையைத் தட்டி எழுந்தார்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாள் கடிதம் கொடுக்கப் போன லயம் எல்லாம் விசில் ஊதி, "அவங்க ரெண்டு பேரும் கல்யாணம் முடிஞ்ச கையோட கப்பல்ல போறாங்க!" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். எங்கே, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டதற்கு, "எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லிட்டா நாளைக்கு என்னா சொல்றது?" என்றாராம்.

எங்கள் மலைநாட்டில் அந்தக் காலத்தில் கப்பல் என்றால் ஒரே அர்த்தம்தான். தலைமன்னாரில் ஏறுவது, இந்தியாவுக்குப் போவது, போனது போனதுதான். பிரஜாவுரிமை மனுத் தள்ளுபடியானவர்கள், வேலை போனவர்கள், வயதானவர்கள் என்று மாதம் ஒரு குடும்பமாவது தோட்டத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. சும்மா உட்காருவதற்காக ஒருத்தன் கப்பல் ஏறுவான் என்று யார் நினைப்பார்?

மறுநாள் காலை மூக்காயி அக்கா ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "என்னய விட்டுட்டுப் போறியாடீ!" என்று அழுதாள். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து நானும் அழுதேன். அழுது முடித்த பிறகுதான் செத்தது யாருமில்லை, போவது நான் என்று புரிந்தது. அதற்குள் நாலு பேர் வந்துவிட்டார்கள். அழுகிறவர்களிடம் நான் போகவில்லை என்று எப்படிச் சொல்வது? அவர்கள் அழுததெல்லாம் வீணாகிவிடுமே! "நல்லா இருப்பியா?" என்றார்கள், தலையாட்டினேன். "எங்கள மறக்க மாட்டியே?" என்றார்கள், தலையாட்டினேன். ஆட்டிய தலையே சாட்சியாகிவிட்டது.

பின்னாலேயே பொட்டலங்கள் வந்தன. துறையூரில் இருக்கிற தங்கச்சிக்குத் தேயிலைத் தூள். மணப்பாறை அத்தைக்கு ஒரு கம்பளி. முசிறியில் அண்ணன்காரனிடம், "நெலத்துல பாதி எனக்குன்னு சொல்லு, மொறச்சான்னா விட்டுரு" என்று ஒரு சேதி. கீழ் லயத்துக் கிழவி ஒருத்தி திருச்சியில் இருக்கிற மகளுக்கென்று ஒரு அம்மிக்குழவியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

"பாட்டி, அங்க அம்மி இருக்காதா?" என்றாள் அம்மா.

"அம்மி இருக்கும். குழவி ஒடஞ்சிருச்சுன்னு எழுதியிருந்தா." பிறகு என் கன்னத்தைத் தடவி, "கப்பல் விட்டு எறங்குனதும் மண்டபம் கேம்புல ஊசி போடுவான் தாயி, கண்ண மூடிக்க" என்றாள்.

பதினாலு பொட்டலம். அடுக்க இடமில்லாமல் அப்பா வெளியே படுத்தார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் வயிற்றில் அடி விழுந்தது. காலையில் எல்லோரும் கூடுகிற பெரட்டில் கணக்கப்பிள்ளை வரிசையாகப் பேர் கூப்பிட்டு வேலை கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாப் பேரும் முடிந்தது. எங்க வீட்டுக்காரர் பேர் வரவில்லை.

"ஐயா, எம் பேரு வரலீங்களே."

"எப்படி வரும்? நீதான் கப்பல் ஏறுறியே. போய்க் கப்பல்ல கவ்வாத்து வெட்டு."

"நான் எங்கயும் போகலீங்க!"

"ஊரே அழுது முடிச்சிருச்சு, நீ போகலங்கிற! ஒன் பேரும் வெட்டியாச்சு, அந்தப் புள்ள பேரும் வெட்டியாச்சு. காம்பராவையும் மூக்காயிக்குக் குடுத்தாச்சு."

அவர் ஓடிப்போய்ப் பார்த்தார். அந்த வெடித்த பலகைக் கதவு திறந்து கிடந்தது. மூக்காயி அக்கா அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சி முடித்து, ஐந்து பிள்ளைகளையும் சுவரோரம் உட்கார்த்தி வைத்திருந்தாள். "எல்லாம் ஒங்க புண்ணியம்டா தம்பி, போற எடத்துல நல்லா இருப்பீங்க" என்று அவருக்கே ஒரு டம்ளர் பால் கொடுத்தாளாம். அவரும் குடித்துவிட்டு வந்துவிட்டார். வேறு என்ன செய்வார்?

தப்பால்காரர் பையோடு மலையேறி வருகிற வழியில் நாங்கள் போய் நின்றோம். அம்மா வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். எங்க வீட்டுக்காரர் "காம்பரா போச்சுண்ணே" என்று மட்டும் சொன்னார். தப்பால்காரர் கோட்டுப் பொத்தான் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு நேரே கணக்கப்பிள்ளையிடம் போனார். நாங்கள் பின்னால் போனோம்.

"ஐயா, கப்பல்தான். ஆனா இது திரும்பி வர்ற கப்பல்."

"யோவ், திரும்பி வர்ற கப்பல் இந்த ஊர்ல எங்கய்யா இருக்கு?"

தப்பால்காரர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். நாங்களும் நடந்தோம்.

அவர் நேரே ஆபீசுக்குள் ஏறிவிட்டார். கடிதம் வைப்பதைத் தவிர வேறு எதற்கும் அந்தப் படியை மிதிக்காதவர், பெரியதுரை மேசையில் அந்த நீளக் காகிதத்தை விரித்தார். தப்பு முழுக்கத் தன்னுடையது, வேலையை எடுப்பதானால் தன் வேலையை எடுக்கச் சொல்லுங்கள் என்று கிளாக்கரையாவிடம் சொன்னாராம். கிளாக்கரையா காகிதத்தை ஒவ்வொரு வரியாக இங்கிலீசில் சொல்லிக்கொண்டு வந்தார். துரை முகம் கல் மாதிரி இருந்தது. அரை மணி நேரம் ஆச்சரியப்படுதல் என்ற இடத்தில் வாயில் புகைந்துகொண்டிருந்த சுங்கான் விழுந்தது. சும்மா இருத்தல் என்ற இடத்தில் துரை மேசையில் தலையை வைத்துவிட்டார். சிரிக்கிற சத்தம் வெளியே நின்ற எங்களுக்குக் கேட்டது.

"துரைக்கு பிளான் ரொம்பப் புடிச்சுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே தப்பால்காரர் வெளியே வந்தார். "ரெண்டு பேரு பேரையும் திரும்ப எழுதச் சொல்லிட்டாரு. ஆனா லீவு கெடையாது, ஞாயித்துக்கெழம மட்டுந்தான்."

"காம்பராண்ணே?"

அவர் குடையை விரித்தார், மடக்கினார். "அது கணக்கப்பிள்ளை பாடுன்னுட்டாரு."

கணக்கப்பிள்ளை சொன்னார்: "அஞ்சு புள்ளைங்க உள்ள படுத்திருக்கு. நீங்களே போய் எழுப்புங்க."

விஷயம் தெரிந்து மூக்காயி அக்கா என்னிடம் வந்தாள். முதலில் கோபம்தான். "போகலன்னா அன்னைக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடீ? ரெண்டு நாளா நான் சோறு திங்கல!" பிறகு குரலை இறக்கி, "நான் வேணா எறங்கிரவா?" என்றாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஐந்தும் என்னையே பார்த்தன. வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு மட்டும் நான் வருத்தப்படவில்லை. ஒன்பது பேரோடு பத்தாவதாகப் போகிறேன் என்பது மட்டும் நிச்சயமாகிவிட்டது.

கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. சாப்பாடு முடிகிற நேரத்தில் தப்பால்காரர் விசில் ஊதினார். எல்லோரும் இலையில் கை வைத்தபடி திரும்பினார்கள்.

"பெரியதுரை ஆர்டர்! தப்பால் பைய ராவையில தனியா விடக்கூடாதாம். இனிமே நான் ஆபீஸ் ஸ்டோர்லதான் படுக்கணும். லயத்துக் கோடியில என் காம்பரா சும்மாதான் கெடக்கும். யாராச்சும் இருந்து கூட்டிப் பெருக்குனா நல்லது." என்று சொல்லிவிட்டு, சாவியை எங்க வீட்டுக்காரர் இலைக்குப் பக்கத்தில், ஊறுகாய் மேல் படாமல், பார்த்து வைத்தார்.

எல்லோரும் நம்பினோம். அவர் சொன்னால் தோட்டம் நம்பும் என்றுதான் சொன்னேனே.

மூன்று நாள் பயணம் ஒரு நாளாகச் சுருங்கியது. கொழும்பு நுவரெலியாவானது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினோம், மூன்று பேராகத்தான். கடைசிப் பொட்டலமாகக் கீழ் லயத்துக் கிழவிக்கு அம்மிக்குழவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனதால் எங்களுக்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அதைத் தப்பால்காரர் தன் நீளக் காகிதப் புரோகிராமில் எழுதிச் சரிபண்ணினார்.

பட்டணம் பார்த்தோம். தபால் கந்தோர்க் கட்டடத்தின் முன்னால் மட்டும் ஒரு மணி நேரம் நின்றார். மூடியிருந்த கதவைப் பார்த்து, "உள்ள எவ்வளவு காயிதம் இருக்கும், யோசிச்சுப் பாருங்க" என்றார். யோசித்தோம். பார்க், மார்க்கெட், குதிரைப் பந்தய மைதானம். மூன்று மணிக்கு நின்று கேட்டார்.

"கால் வலிக்குதா?"

"இல்லண்ணே." தினமும் மலை ஏறிக் கொழுந்து எடுக்கிற காலுக்கு நுவரெலியாவின் சமதரை என்ன செய்யும்?

"வலிக்கலன்னா எப்படிக் கப்பல்ல ஏறுறது? வலிக்கணும்!" என்று பந்தய மைதானத்தை இன்னும் இரண்டு சுற்று நடக்க வைத்தார். கடைசியில் அவருக்கே வலித்துவிட்டது. வலித்தது வலித்ததுதான் என்று கப்பலுக்குப் போனோம்.

கப்பல் என்பது நுவரெலியா ஏரியில் துடுப்புப் போடுகிற ஒரு சின்னப் படகு. ஓட்டுகிறவர் சிங்களவர். தப்பால்காரர் முதலில் ஏறி, நடுப் பலகையில் உட்கார்ந்து, குடையை விரித்து, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்தார். குடை தண்ணீரில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தார்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஹெமின்! ஹெமின்!" என்று கத்தினார். மெதுவாகப் போ என்று சிங்களத்தில் சொல்கிறாராம்.

படகுக்காரர் தனக்குத் தெரிந்த தமிழில், "மாத்தயா, இன்னும் கயிறு அவுக்க இல்ல" என்றார்.

அவிழ்த்தார். மெல்லப் போனோம். தண்ணீரில் மலை தலைகீழாகக் கிடந்தது. நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரு பலகையில் உட்கார்ந்து, இரண்டு பேரும் இரண்டு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அவர் கேட்டார்.

"அண்ணே, நேத்துக் கிளாக்கரையாவப் பாத்தேன். பைக்குக் காவல் படுக்கச் சொல்லி அப்படி ஒரு ஆர்டரே இல்லையாமே. நீங்கதான் கெஞ்சி ஸ்டோர்ல எடம் கேட்டீங்களாம்."

தப்பால்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"கப்பல்ல அதெல்லாம் பேசப்படாது. சும்மா இருத்தல்னு போட்டிருக்கேன்ல?"

"அங்க அடுப்புக்கூட இல்லையேண்ணே. சோத்துக்கு என்னா செய்வீங்க?"

"டவுன்ல ரொட்டி இருக்கு. ரொட்டிக்கு என்னா கொறச்சல்?" என்று சொல்லி மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

எங்கிருந்து வந்ததோ தெரியாது, தப்பால்காரரைப் பார்த்து என் வாயிலிருந்து சத்தமாகவே வந்துவிட்டது. "மாமா, இனிமே சோறு நம்ம வீட்லதான்."

படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டார். எங்க வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் குரல் இவ்வளவு சத்தமாக வந்து அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. தப்பால்காரர் கண்ணைத் திறக்காமலே சட்டைப் பையைத் தடவிப் பென்சிலை எடுத்து, ஆடுகிற படகில், புரோகிராமின் அடியில் 'சோறு சாப்பிடுதல்' என்று கோணல்மாணலாக எழுதிக்கொண்டார்.

பதினாறு வருஷம் எங்களோடு சாப்பிட்டார். ஒரு நாள்கூட நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. உப்புக் கூட, புளி குறைய, இதைச் சின்னத்துரை வீட்டில் கொடுத்தால் கப்பலிலிருந்து குதித்துவிடுவார்கள் என்பார். அவர் கால் கழுவி உள்ளே வந்து உட்காருகிற வரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் சோற்றில் கை வைத்ததில்லை.